பெப்சி நிர்வாகிகளே, உங்கள் மினிட் புத்தகங்களைத் திறந்துவையுங்கள்

பெப்சி என்று சுருக்கமாக அழைக்கப்படும் தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர்கள் சம்மேளனத்தின் நிர்வாகிகளுக்கும், அதில் இணைந்திருக்கும் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் திரைத்துறைக்காரன் அல்லன். காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலையில் இருந்த காலத்தில் எங்கள் சங்கக் கிளையின் மினிட் புத்தகத்தை, அதாவது கூட்டங்களில் பேசியதையும் முடிவெடுத்ததையும் குறித்துவைக்கும் நோட்டை, எழுதி வந்தேன். அந்தப் பழக்கதோஷத்தால், எந்தச் சங்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் அவர்களுடைய பழைய நோட்டுகள் எங்கே இருக்கின்றன என்றுதான் முதலில் யோசிப்பேன். உங்களிடமும் அதைக் கேட்கத்தான் இந்த மடல். சம்மேளனத்தின் வரலாற்றை எழுதுங்கள். வாழ்த்துச் செய்திகளும் முழுப்பக்க விளம்பரங்களும் நிறைந்த மலர்களை நான் கேட்கவில்லை. ஊதிய ஒப்பந்தங்கள், வேலைநிறுத்தங்கள், பிளவுகள், விபத்துகள், நீக்கப்பட்டவர்கள் எல்லாம் அடங்கிய, நூலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கக்கூடிய ஒரு வரலாற்றைக் கேட்கிறேன். நான் தேடியவரை அப்படி ஒன்று கிடைக்கவில்லை.

எந்த நடிகர் எந்தப் படத்தில் எந்தச் சட்டை போட்டு வந்தார் என்று சொல்ல இந்த ஊரில் தெருவுக்கு நான்கு பேர் இருக்கிறார்கள். 1975-ல் ஒரு லைட்மேனுக்கு ஒரு கால்ஷீட்டுக்கு, அதாவது ஒரு முறை வேலைக்கு, என்ன கூலி, அதை உயர்த்த யார் யாரோடு உட்கார்ந்து பேசினார்கள் என்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை. 20-க்கும் மேற்பட்ட சங்கங்கள், சுமார் 25,000 உறுப்பினர்கள் உள்ள அமைப்பு உங்களுடையது. ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், ஒப்பனைக்காரர், உடை தைப்பவர், நடனம் ஆடுபவர், சண்டை போடுபவர், சாப்பாடு பரிமாறுபவர், வண்டி ஓட்டுபவர் என்று ஒரு சிறு நகரமே அதற்குள் இருக்கிறது. ஆனால் 'படப்பிடிப்பு ரத்து' என்று தலைப்பு வரும் நாளில் மட்டும்தான் செய்தித்தாள் வாசகர்களுக்குப் பெப்சி நினைவுக்கு வருகிறது. அந்த ஒரு நாளில் உங்கள் நியாயத்தை அவர்கள் எப்படிப் புரிந்துகொள்வார்கள்?

இந்தச் சென்னைதான் இந்தியாவின் முறையான முதல் தொழிற்சங்கங்களில் ஒன்றைப் பெற்ற ஊர். 1918 ஏப்ரலில், பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் முயன்று, பி.பி. வாடியா தலைவராகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. திரு.வி.க. அதில் முழுமூச்சாக இறங்கினார். ஏறக்குறைய அதே காலத்தில், பெரம்பூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள புரசைவாக்கத்தில், நடராஜ முதலியார் தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். ஒரே நகரத்தின் ஒரே பகுதியில் தொழிற்சங்கமும் சினிமாவும் பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளாகப் பிறந்தும், இரண்டும் பேசிக்கொள்ளப் பல பத்தாண்டுகள் ஆயின. ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம் என்று 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் வழி திறந்துவிட்டது. அப்போதும் சினிமாவில் முதலில் அமைப்பானவர்கள் முதலாளிகள்தான். தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபை 1939-லேயே வந்துவிட்டது. நடிகர்கள் தங்கள் சங்கத்தை 1952-ல் அமைத்தார்கள். கேமராவுக்குப் பின்னால் நின்றவர்கள் அணி திரண்ட கதையைத் தேடினால் அஞ்சலிக் கட்டுரைகளில் ஒரு வரி, பழைய பேட்டிகளில் ஒரு வரி என்று பொறுக்கிச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

ஏன் இந்தத் தாமதம் என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணத்தைச் சொல்கிறேன். ஜெமினி, ஏவி.எம்., விஜயா-வாகினி, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் போன்ற ஸ்டுடியோக்களின் காலத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் மாதச் சம்பளத்தில் இருந்தார்கள். தச்சர், பெயிண்டர், லேப் ஊழியர், எழுத்தர், ஏன், நடிகர்கள்கூடச் சம்பளப் பட்டியலில் இருந்தார்கள். முதலாளி கண்டிப்பானவர், ஆனால் கல்யாணத்துக்குப் பணம் கொடுப்பார். அந்த உறவில் கொடி பிடிப்பது நன்றிகெட்ட செயலாகத் தெரிந்திருக்கும். இன்னொன்று, தொழில் பிரிவுகளுக்குள் இருந்த ஏற்றத்தாழ்வு. லென்ஸைத் தொடுபவருக்கும் லைட்டைத் தூக்குபவருக்கும் இடையே இருந்த தூரம் ஆலையில் இரண்டு தறிகளுக்கு இடையே இருந்ததைவிட அதிகம். அவர்களை ஒரே கூரையின் கீழ் உட்காரவைக்க வெளியிலிருந்து வேறொரு சிந்தனையோடு சிலர் வர வேண்டியிருந்தது.

அப்படி வந்தவர்களில் ஒருவர் நிமாய் கோஷ். கல்கத்தாக்காரர். தேசப் பிரிவினையில் வேரோடு பிடுங்கப்பட்ட மக்களைப் பற்றி 1950-ல் 'சின்னமூல்' என்ற வங்காளப் படத்தை எடுத்தவர். ரஷ்ய இயக்குநர் புதோவ்கின் அதைப் பார்த்துப் பாராட்டி, சோவியத் நாட்டில் திரையிட வழிசெய்தார் என்பது சினிமா வரலாறு படித்தவர்களுக்குத் தெரிந்த செய்தி. அப்படிப்பட்டவர் பிழைப்புக்காகச் சென்னை வந்து ஒளிப்பதிவாளராக வேலை பார்த்தார்; வந்த இடத்தில் தொழில்நுட்பக் கலைஞர்களையும் தொழிலாளர்களையும் திரட்டும் வேலையில் இறங்கினார். மொழி தெரியாத ஊரில், வாய்ப்பு கொடுக்கும் கம்பெனிகளையே எதிர்த்து நிற்கும் வேலை அது. அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

இன்னொருவர் எம்.பி. சீனிவாசன். 1925-ல் சித்தூரில் பிறந்து, மாணவப் பருவத்திலேயே பொதுவுடைமை இயக்கத்துக்கு வந்து, மக்கள் நாடக மன்றத்தின் வழியாக இசையமைப்பாளரானவர். திரை இசைக் கலைஞர்களுக்கு ஒரு சங்கம் உருவாக முன்னின்றவர் அவர். வயலின் வாசிப்பவரும் தபலா வாசிப்பவரும் அதுவரை ஒலிப்பதிவு முடிந்ததும் கையை நீட்டி நிற்க வேண்டியவர்களாக இருந்தார்கள். அவர்களுக்குக் கால்ஷீட் கணக்கும் கட்டண விகிதமும் வேண்டும் என்று வாதாடியது அந்தத் தலைமுறை. வாதாடியவரே இசையமைப்பாளர், அதாவது வாத்தியக்காரர்களை வேலைக்கு அழைக்கும் இடத்தில் இருந்தவர் என்பதைக் கவனியுங்கள். நிமாய் கோஷ் இயக்க, சீனிவாசன் இசையமைக்க, பலர் சேர்ந்து பணம் போட்டு 1960-ல் வெளிவந்த படம் 'பாதை தெரியுது பார்'. ஜெயகாந்தன் அதற்குப் பாட்டு எழுதினார். பாட்டுகள் நின்றன, படம் ஓடவில்லை. தமிழ் சினிமா ஆர்வலர்களில் பலருக்குச் சீனிவாசனின் முகம் 1977-ல் வந்த 'அக்ரஹாரத்தில் கழுதை' படத்தின் பேராசிரியராகத்தான் தெரியும். 1988-ல் அவர் லட்சத்தீவில் இறந்தபோது மலையாளிகள் அவரைத் தங்கள் இசையமைப்பாளராகக் கொண்டாடினார்கள். சேர்ந்திசைக் குழுவினர் தங்கள் ஆசானாகக் கொண்டாடினார்கள். உங்கள் சங்கங்களில் இன்று உறுப்பினர் கார்டு வாங்கும் ஓர் இளைஞரிடம் அவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள். எத்தனை பேர் நிமிர்ந்து பார்ப்பார்கள்?

இவர்கள் இருவரையும் பற்றி இவ்வளவு விரிவாக எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. பிற்பாடு நடந்த ஒரு மாற்றம் இவர்கள் எண்ணிப் பார்த்திராதது. ஸ்டுடியோ முறை சரிந்தது. ஜெமினியின் பெயர் ஒரு மேம்பாலத்தில் மிஞ்சியது. மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு மட்டும் ஏற்காடு சாலையில் நிற்கிறது. வாகினி இருந்த நிலத்தில் வணிக வளாகம் எழுந்தது. மாதச் சம்பளக்காரர்கள் எல்லோரும் கால்ஷீட் கணக்கில் பேட்டா வாங்குகிறவர்களாக ஆனார்கள். படத்துக்குப் படம் முதலாளி மாறினார். ஒரு படத்தோடு பல முதலாளிகள் காணாமலும் போனார்கள். நிரந்தரமாக இருந்த ஒரே இடம் சங்கம். வேலை கேட்கும் இடம், கூலி பாக்கியை வசூலித்துத் தரும் இடம், மருத்துவத்துக்குக் கடன் கேட்கும் இடம் எல்லாம் சங்கமாயிற்று. முதலாளியோடு பேரம் பேசுவதற்காகப் பிறந்த அமைப்பு, தொழிலுக்குள் நுழையும் வாசலாகவும் மாறியது. உங்கள் பலமும் உங்கள் மீதான புகார்களும் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. இதை எழுதாமல் உங்கள் வரலாற்றை எழுத முடியாது.

சட்டத்தின் பக்கம் ஓர் எட்டு. 1981-ல் நாடாளுமன்றம் திரைப்படத் தொழிலாளர்களுக்காகத் தனிச் சட்டங்களை இயற்றியது. எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாமல் ஒருவரைக் கதைப்படத்தில் வேலைக்கு வைக்கக் கூடாது. வருங்கால வைப்பு நிதி உண்டு. தகராறுகளைத் தீர்க்கத் தனித் தீர்ப்பாயம் அமைக்கலாம். கூடவே, தணிக்கைக்கு வரும் ஒவ்வொரு கதைப்படத்துக்கும் ஒரு தீர்வை வசூலித்து நல நிதி அமைக்க ஏற்பாடு. காகிதத்தில் இவ்வளவு நல்ல சட்டம் அமைப்புசாராத் தொழில்களில் வேறு யாருக்கு அன்று இருந்தது? எத்தனை லைட்மேன்கள் எழுத்து மூலமான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருப்பார்கள் என்று நீங்களே மனசாட்சியோடு சொல்லுங்கள். அந்தத் தீர்வை பின்னர் நீக்கப்பட்டது. 1981-ன் வேலைவாய்ப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தை 2020-ல் நிறைவேறிய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு தனக்குள் எடுத்துக்கொண்டது. இந்தச் சட்டம் வரப் பாடுபட்டவர்கள் யார், வந்த பிறகு அதைச் செயல்படுத்தச் சம்மேளனம் என்னென்ன வழக்குகள் போட்டது, எதில் தோற்றது என்பதெல்லாம் உங்கள் அலமாரிகளில் இருக்க வேண்டிய செய்திகள்.

இனி நீங்கள் பேச விரும்பாத ஆண்டுக்கு வருகிறேன். 1997. இயக்குநர்களும் தயாரிப்பாளர்களும் ஒரு பக்கம் 'படைப்பாளிகள்' என்ற பெயரில் தனி அமைப்பாக நின்றார்கள், பெப்சி மறுபக்கம் நின்றது. மாதக்கணக்கில் படப்பிடிப்புகள் முடங்கின. சம்மேளனத்துக்கு வெளியே ஆட்களைத் திரட்டி வேலை நடத்தும் முயற்சியும் நடந்தது. அந்த ஆண்டில் கோடம்பாக்கத்தில் வீட்டு வாடகை கொடுக்க முடியாமல் சொந்த ஊருக்குத் திரும்பிய குடும்பங்களைப் பற்றி அந்தக் காலத்து ஆட்கள் இன்றும் பேசுவார்கள். யார் சரி, யார் தவறு என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஒரே தளத்தில் காலை முதல் இரவு வரை ஒன்றாகச் சாப்பிட்டவர்களில் சிலர் படைப்பாளி, சிலர் தொழிலாளி என்று பிரிக்கப்பட்டது சாதாரண நிகழ்ச்சியா? தமிழ் சினிமாவின் சமூக வரலாற்றில் அது ஒரு பெரிய பிளவு. அதைப் பற்றிப் பெப்சியின் தரப்பிலிருந்து ஒழுங்கான ஓர் ஆவணத் தொகுப்பு வர வேண்டாமா? இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அண்மைக்காலத்தில் உங்கள் சம்மேளனத்துக்குத் தலைமை தாங்கிய வி.சி. குகநாதன், அமீர், ஆர்.கே. செல்வமணி மூவருமே இயக்குநர்கள். தளத்தில் 'ஆக்‌ஷன்' சொல்பவர் தொழிலாளர் கூட்டமைப்பின் தலைவராக இருப்பது பலமா, சிக்கலா? உங்கள் பொதுக்குழுக்களில் இதைப் பற்றி வாதம் நடந்திருந்தால், அந்த வாதத்தைப் படிக்க நான் காசு கொடுத்து டிக்கெட் வாங்கத் தயார்.

2017-ல் மீண்டும் தயாரிப்பாளர்களோடு மோதல். ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து வேலைநிறுத்தம். 2018-ல் நிலைமை தலைகீழ். தியேட்டர்களுக்கு டிஜிட்டல் முறையில் படம் அனுப்பும் நிறுவனங்களின் கட்டணத்தை எதிர்த்துத் தயாரிப்பாளர்களே மார்ச் முதல் தேதியிலிருந்து படங்களை வெளியிடாமல் நிறுத்தினார்கள். பிறகு படப்பிடிப்புகளும் நின்றன. ஏப்ரலில்தான் மீண்டும் தொடங்கின. அந்தச் சண்டையில் தொழிலாளிக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை, பட்டினி மட்டும் இருந்தது. 2025-லும் தயாரிப்பாளர் சங்கத்தோடு வந்த தகராறு சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிற்று. ஒவ்வொரு முறையும் பேச்சுவார்த்தை மேசையில் எதிர்த்தரப்பு 'போன ஒப்பந்தத்தில் இப்படித்தானே ஒத்துக்கொண்டீர்கள்' என்று கேட்கும். அப்போது பழைய ஒப்பந்தங்களின் முழு வரிசை கையில் இருப்பவனுக்கும், நினைவை நம்பிப் பேசுபவனுக்கும் உள்ள வேறுபாடு எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் துறையில் பழைய சுற்றறிக்கை ஒன்றைத் தேடி எடுத்து வந்து நிர்வாகத்தின் வாயை அடைத்த நாட்கள் உண்டு.

தோல்விகளையும் எழுத வேண்டும் என்கிறேன். எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து சின்தசைசரும் பிறகு கணினியும் ஒலிப்பதிவுக் கூடங்களுக்குள் வந்தன. ஒரு பாட்டுக்கு வயலின்காரர்கள் வரிசையாக உட்கார்ந்த கூடங்களில் ஒருவர் விசைப்பலகையோடு உட்கார்ந்தார். சீனிவாசன் தலைமுறை போராடிப் பெற்ற கால்ஷீட் விகிதம் அப்படியேதான் இருந்தது, அழைப்புதான் வரவில்லை. அடுத்து, பிலிம் போனது. லேப்களில் ரசாயனத் தொட்டிகளின் முன்னால் வாழ்நாளைக் கழித்தவர்கள், நெகட்டிவ் வெட்டி ஒட்டியவர்கள், உயர்ந்து நிற்கும் கட்அவுட்களையும் பேனர்களையும் கையால் வரைந்தவர்கள் என்று வரிசையாகத் தொழில்கள் மறைந்தன. ஒரு தொழில் மறையும்போது அதன் சங்கம் என்ன செய்தது? வேறு வேலைக்குப் பயிற்சி கொடுத்ததா, இழப்பீடு கேட்டதா, கைவிரித்ததா? இன்று செயற்கை நுண்ணறிவு குரலையும் முகத்தையும் நகலெடுக்கத் தொடங்கியிருக்கிற நேரத்தில், பின்னணிக் குரல் கொடுப்பவர்களும் துணை நடிகர்களும் கேட்கப்போகும் கேள்வி இதுவேதான். ஆர்மோனியக்காரரும் லேப்காரரும் அந்தக் கட்டத்தை எப்படிக் கடந்தார்கள் என்று சொல்லக்கூடியவர்கள் சாலிகிராமத்திலும் வளசரவாக்கத்திலும் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.

வாசல் என்று சொன்னேன். அந்த வாசலைப் பற்றியும் எழுத வேண்டும். மும்பையில் ஒப்பனைக் கலைஞர்கள் சங்கம் பெண்களைச் சிகை அலங்காரத்துக்கு மட்டும் அனுமதித்து, ஒப்பனைக் கலைஞராகச் சேர்க்க மறுத்துவந்தது. அது பல பத்தாண்டுகள் கேள்வியின்றி நடந்தது. சாரு குரானா என்ற கலைஞர் தொடுத்த வழக்கில் 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது. ஒரு தொழிற்சங்கத்தின் விதியை, அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று நீதிமன்றம் தூக்கி எறிய வேண்டிவந்தது நம் எல்லோருக்கும் தலைகுனிவு. கேரளத்தில் இயக்குநர் வினயனோடு யாரும் வேலை செய்யக் கூடாது என்று மறைமுகத் தடை விதித்ததாக எழுந்த புகாரில், நடிகர் அமைப்புக்கும் உங்கள் சகோதரச் சம்மேளனமான பெப்காவுக்கும் 2017-ல் இந்தியப் போட்டி ஆணையம் அபராதம் விதித்தது. சென்னையில், 2018-ல் பாடகியும் பின்னணிக் குரல் கலைஞருமான சின்மயி டப்பிங் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். சந்தா கட்டவில்லை என்றது சங்கம், அவர் அதை மறுத்தார். பாலியல் துன்புறுத்தல் குறித்து அவர் வெளிப்படையாகப் பேசிய சில வாரங்களில் இது நடந்தது என்பதை நாடே கவனித்தது. சேர்க்கைக் கட்டணம் எளிய குடும்பத்துப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது என்ற புகார் வேறு. இவற்றுக்கெல்லாம் உங்களிடம் விளக்கம் இருக்கலாம். விளக்கத்தை அச்சிட்டு வையுங்கள், எதிர்த்தரப்பின் வாதத்தையும் பக்கத்திலேயே வையுங்கள்.

இப்படி நம் அழுக்கை நாமே வெளியில் போடுவதா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். அமெரிக்காவில் நாடக மேடைத் தொழிலாளர்களுக்கும் திரைப்படத் தொழிலாளர்களுக்கும் ஐயாட்ஸி என்றொரு பழைய சங்கம் இருக்கிறது. 1893-ல் நியூயார்க்கில் 11 நகரங்களின் மேடைத் தொழிலாளர் பிரதிநிதிகள் கூடி அமைத்தது. உங்களைப் போலவே தொழில்வாரியாகவும் ஊர்வாரியாகவும் கிளைச் சங்கங்கள் சேர்ந்த கூட்டமைப்பு. அதன் வரலாற்றில் நடந்ததற்கு முன்னால் கோடம்பாக்கத்துச் சண்டைகள் எல்லாம் குழாயடிச் சண்டைகள். 1934-ல் ஜார்ஜ் பிரவுன் என்பவர் தலைவரானார். அவருக்குப் பின்னால் சிகாகோவின் ரவுடிக் கும்பல் இருந்தது. கும்பலின் ஆளான வில்லி பயாஃப் ஹாலிவுட்டில் சங்கத்தின் பிரதிநிதியாக வந்து அமர்ந்தார். வேலைநிறுத்தம் வராமல் பார்த்துக்கொள்வதற்கு என்று பெரிய ஸ்டுடியோக்களிடம் ஆளுக்கு 50,000 டாலர் என்று கணக்குப் போட்டு வசூலித்தார்கள். ஸ்டுடியோ முதலாளிகளும் கொடுத்தார்கள். கூலி உயர்வைவிட அது மலிவு. உறுப்பினர்களின் சம்பளத்தில் 2 சதவீதத்தைத் தனியாகப் பிடித்ததும் நடந்தது. 1941-ல் பிரவுனுக்கும் பயாஃபுக்கும் சிறைத் தண்டனை கிடைத்தது.

கும்பல் போன பிறகும் ரணம் ஆறவில்லை. பெயிண்டர்கள், தச்சர்கள் முதலியவர்களைச் சேர்த்துக்கொண்டு ஹெர்ப் சொரல் என்பவர் ஒரு போட்டிக் கூட்டமைப்பை நடத்தினார். 1945 அக்டோபர் 5 அன்று வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோ வாசலில் கம்பும் கண்ணீர்ப்புகையும் தண்ணீர்க் குழாயுமாகப் பெரிய கலவரம். ஹாலிவுட்டின் கறுப்பு வெள்ளி என்று அதற்குப் பெயர். அடுத்த இரண்டு ஆண்டுகளில் அந்தப் போட்டிக் கூட்டமைப்பு நசுக்கப்பட்டது. கம்யூனிஸ்ட் என்று முத்திரை குத்தி ஆட்களைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்த காலம் அது. ஐயாட்ஸியின் தலைவர்களே அந்த வேட்டையில் முன் நின்றார்கள். இவை எதுவும் இன்று மறைபொருள் கிடையாது. நீதிமன்றப் பதிவுகளும் சங்கப் பதிவுகளும் ஆய்வாளர்களின் கையில் இருக்கின்றன. பழைய கேவலம் வெளியே தெரிந்ததால் அந்தச் சங்கம் செத்துவிடவில்லை. 2021 அக்டோபரில் ஓய்வு நேரமும் சாப்பாட்டு இடைவேளையும் கேட்டு அது வாக்கெடுப்பு நடத்தியபோது, வாக்களித்தவர்களில் 98 சதவீதம் பேர் வேலைநிறுத்தத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள்.

கடைசியாக, என்னை இந்த மடலை எழுதவைத்த விஷயம். 2020 பிப்ரவரி 19 இரவு, பூந்தமல்லி அருகே 'இந்தியன் 2' படப்பிடிப்பில் கிரேன் சாய்ந்து மூன்று பேர் இறந்தார்கள். ஒருவர் உதவி இயக்குநர், ஒருவர் கலைப் பிரிவு உதவியாளர், ஒருவர் உணவுப் பிரிவில் வேலை பார்த்தவர். 2024 ஜூலையில் சாலிகிராமத்தில் ஒரு சண்டைக் கலைஞர் உயரத்திலிருந்து விழுந்து இறந்தார். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் கார் பாயும் காட்சியை எடுக்கும்போது இன்னொரு சண்டைக் கலைஞர் இறந்தார். இவை செய்தியில் வந்தவை. உடன் பெரிய நடிகரோ இயக்குநரோ இருந்ததால் வந்தவை. பரண் மேலிருந்து விழுந்த லைட்மேன்கள், மின்சாரம் தாக்கியவர்கள், இரவு வேலை முடித்து யூனிட் வண்டியில் திரும்பும்போது அடிபட்டவர்கள் எத்தனை பேர்? லைட்மேன்களுக்கு நிதி திரட்ட ஏ.ஆர். ரகுமான் 2023 மார்ச்சில் சென்னையில் இசை நிகழ்ச்சி நடத்தினார். 2020-ல் கொரோனாவால் படப்பிடிப்புகள் நின்றபோது உங்கள் தலைவர் நடிகர்களிடம் அரிசி மூட்டைக்காகக் கையேந்த வேண்டியிருந்தது. கொடுத்தவர்களின் நல்ல மனத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஆலைத் தொழிலாளி விபத்தில் இறந்தால் அது ஆய்வாளரின் பதிவேட்டில் ஏறுகிறது. எந்த இயந்திரம், என்ன தவறு, யார் பொறுப்பு என்று கேள்வி வருகிறது. உங்கள் உறுப்பினர் இறந்தால் இரங்கல் கூட்டமும் நிதி உதவியும் வருகின்றன, மறு வாரம் அதே வகைக் கிரேன் வேறொரு தளத்தில் நிற்கிறது.

ஆகையால், எல்லா வரலாற்றையும் ஒரே நாளில் எழுத முடியாது என்று நீங்கள் சொன்னால், விபத்துப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள். சம்மேளனம் பிறந்த நாளிலிருந்து வேலையின்போது இறந்தவர்கள், உடல் உறுப்பு இழந்தவர்கள் பெயர், தொழில், தேதி, இடம், காரணம், கிடைத்த இழப்பீடு என்று ஒரு பட்டியல். சங்கத்துக்கு ஒருவர் என்று பொறுப்புக் கொடுத்தால் பழைய நிதி உதவிக் கணக்குகளைப் பார்த்தே பாதிக்கு மேல் எடுத்துவிடலாம்; சங்கக் கணக்குகளில் பணம் போன வழி எப்போதும் எழுதியிருக்கும் என்பது என் அனுபவம். பட்டியல் வெளியானால் அடுத்த ஒப்பந்தத்தில் பாதுகாப்பு அதிகாரி வேண்டும், காப்பீடு இல்லாமல் சண்டைக் காட்சி இல்லை என்று கேட்க உங்களுக்கு வேறு வாதமே தேவைப்படாது.

அடுத்தது ஊதிய ஒப்பந்தங்கள். ஆண்டு வரிசைப்படி, சங்கவாரியாக, கிடைத்ததை எல்லாம் ஸ்கேன் செய்யுங்கள். அதற்கடுத்தது மூத்தவர்களின் பேச்சைப் பதிவு செய்வது. ஒலிப்பதிவுக் கலைஞர்கள் உங்கள் சங்கத்திலேயே இருக்கிறார்கள், ஒளிப்பதிவாளர்களும் இருக்கிறார்கள், படத்தொகுப்பாளர்களும் இருக்கிறார்கள். உலகத்தில் வேறு எந்தத் தொழிற்சங்கத்துக்கு இந்த வசதி உண்டு? தாங்களே ஆயிரக்கணக்கான கதைகளைப் படமாக்கியவர்கள் தங்கள் கதையை ஒரு நல்ல மைக் முன்னால் சொல்லாமல் போவது எனக்குப் புரியவே இல்லை. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பழைய தமிழ் அச்சுப் பொருள்களையும் சினிமா தொடர்பான சேகரிப்பையும் பாதுகாப்பதில் அவர்களுக்குப் பல ஆண்டு அனுபவம். மூலங்களை நீங்கள் வைத்துக்கொண்டு நகல்களை அங்கே கொடுங்கள். கரையானுக்குப் பெப்சி என்றும் படைப்பாளி என்றும் வேறுபாடு தெரியாது.

பழைய நோட்டுகளின் கிறுக்கல் கையெழுத்தைப் படித்து ஒழுங்காகத் தட்டச்சு செய்ய ஆள் வேண்டும் என்றால் என்னைப் போன்ற ஓய்வுபெற்ற எழுத்தர்கள் இந்த நகரத்தில் நிறைய இருக்கிறோம். சம்பளம் வேண்டாம். தேநீரும், உட்கார ஒரு மேசையும், நோட்டில் எதையும் மறைக்கச் சொல்லமாட்டோம் என்ற உறுதியும் போதும். அடுத்த பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு பொருளாகச் சேர்த்து, எடுத்த முடிவை, மறுப்பாக இருந்தாலும், காரணத்தோடு வெளியிடுங்கள்.

தோழமையுடன்,
ஓய்வுபெற்ற காப்பீட்டு ஊழியர் ஒருவர்
சென்னை